ஒரு மீட்டருக்கு ஒரு கோடி கிலோமீட்டர்: அண்டத்தில் நம் அளவை அளந்து பார்ப்பது எப்படி?

"அண்டத்தில் மனிதன் ஒரு தூசு" என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. எதோடு ஒப்பிட்டால் தூசு? எவ்வளவு சிறிய தூசு? தூசாகவே இருந்தாலும் அதனால் நமக்கு என்ன? மூன்றுக்கும் பதில் தெரியாமலேயே தலையாட்டிவிட்டுப் போகிறோம். முதல் இரண்டு கேள்விகளுக்கு ஓர் அளவுநாடா போதும். மூன்றாவதற்கு அளவுநாடா உதவாது, தாளும் பேனாவும் வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: முதல் இரண்டையும் அளந்து முடித்த கையோடு, மூன்றாவதற்கும் பதில் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்லும் முறை இது: சூரிய மண்டலத்தைச் சுருக்கித் திறந்தவெளியில் நேர்க்கோட்டில் நிறுத்தி நடந்து பார்ப்பது, அண்டத்தின் வயதை ஒரு கயிற்றில் அளப்பது, கடைசியில் தாளில் எழுதிப் பார்ப்பது. இதற்கு அரை நாள் ஆகும். ஐந்து முதல் பதினைந்து பேர் இருந்தால் நன்று. தனியாகவும் செய்யலாம். இருபது பேரைத் தாண்டினால் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது, இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

அளவுகோலைத் தேர்ந்தெடுத்தல்

1-க்கு 1000 கோடி என்ற விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மீட்டர் என்பது ஒரு கோடி கிலோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பத்தாயிரம் கிலோமீட்டர். லட்சம், கோடி என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இதைவிட வசதியான அளவுகோல் கிடையாது. பூமியிலிருந்து சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர், ஆகவே 15 மீட்டர். கணிப்பானே தேவையில்லை. கூட்டத்தில் யார் எந்தத் தூரத்தைக் கேட்டாலும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லலாம்.

இந்த அளவுகோலில் நெப்டியூன் 450 மீட்டரில் வரும். அவ்வளவு இடம் இல்லையே என்று விகிதத்தைப் பாதியாக்க ஆசை வரும். செய்யாதீர்கள். பூமி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவும், புதன் கால் மில்லிமீட்டராகவும் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி என்ன பயன்? இடம் போதாவிட்டால் பாதையைக் குறையுங்கள், அளவுகோலைத் தொடாதீர்கள். சனி வரை 143 மீட்டர் நடந்துவிட்டு, "நெப்டியூன் இதே திசையில் இன்னும் 300 மீட்டர்" என்று கைகாட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். பாதையை மடித்துப் போட்டுப் போய்த் திரும்புவதும் சரிவராது. திரும்பிப் பார்க்கும்போது சூரியன் எவ்வளவு சிறுத்திருக்கிறது என்பதைக் காண்பதற்காகத்தான் இந்த நடையே, அதற்கு நேர்க்கோடு வேண்டும்.

பொருள்கள்

சூரியனுக்கு 13.9 செ.மீ. விட்டமுள்ள பந்து வேண்டும். பந்தின் விட்டத்தை நேராக அளப்பது கடினம். தையல் நாடாவை அதன் இடுப்பைச் சுற்றி வைத்துப் பாருங்கள்: 43 முதல் 44.5 செ.மீ.க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பளிச்சென்ற வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூசுங்கள்.

கோள்களின் விட்டமும், சூரியனிலிருந்து அவற்றின் சராசரித் தூரமும் இவை:

புதன்: 0.5 மி.மீ., 5.8 மீட்டர்
வெள்ளி: 1.2 மி.மீ., 10.8 மீட்டர்
பூமி: 1.3 மி.மீ., 15 மீட்டர்
செவ்வாய்: 0.7 மி.மீ., 22.8 மீட்டர்
வியாழன்: 14 மி.மீ., 78 மீட்டர்
சனி: 11.6 மி.மீ., 143 மீட்டர்
யுரேனஸ்: 5.1 மி.மீ., 287 மீட்டர்
நெப்டியூன்: 4.9 மி.மீ., 450 மீட்டர்

முதல் நான்கையும் உருண்டையாகச் செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வெள்ளை அட்டையில் புள்ளியாக வையுங்கள். 0.5 முனைப் பேனாவை ஒருமுறை ஒற்றினால் புதன், 0.7 முனைப் பேனாவால் செவ்வாய். பேனாவை அட்டையில் ஊன்றி நிறுத்தினால் மை பரவிப் புள்ளி இரண்டு மடங்காகிவிடும், தொட்டதும் எடுத்துவிடுங்கள். பூமியையும் வெள்ளியையும் கணினியில் 1.3, 1.2 மி.மீ. வட்டமாக வரைந்து அச்சிடுவது மேல். அச்சிட்டபின் அளந்து பாருங்கள். "பக்கத்துக்குள் பொருத்து" என்ற அமைப்பு அச்சுப்பொறியில் இருந்தால் எல்லாமே சத்தமில்லாமல் சுருங்கிவிடும்.

வியாழனுக்கு ஒரு கோலிக்குண்டு சரியாக இருக்கும், 14 மி.மீ. அளவு எளிதாகக் கிடைக்கும். சனிக்கு 12 மி.மீ. மணி ஒன்றும், வெளிவிட்டம் 27 மி.மீ., உள்விட்டம் 15 மி.மீ. கொண்ட அட்டை வளையமும் போதும். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் 5 மி.மீ. மணிகள். நான்கையும் அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள். தனியாக விட்டால் புல்லில் உருண்டு தொலைந்துபோகும்.

ஒவ்வோர் அட்டையையும் ஒரு மீட்டர் உயரக் குச்சியில் கட்டி, குச்சி நுனியில் ஒரு கொடி வையுங்கள். கொடி அழகுக்காக அல்ல, அடுத்த கோள் எங்கே இருக்கிறது என்பதே அது இல்லாமல் தெரியாது. சூரியனுக்கு அருகில் மட்டும் இரண்டு மீட்டர் கம்பத்தில் பெரிய கொடி. நெப்டியூனிலிருந்து பார்த்தால் 14 செ.மீ. பந்து மனிதக் கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லையிலேயே இருக்கும், கொடி இல்லாவிட்டால் தேட வேண்டிவரும்.

பூமி அட்டையில் இன்னொரு புள்ளி உண்டு. பூமியிலிருந்து 3.84 செ.மீ. தள்ளி 0.35 மி.மீ. அளவில் நிலவு. கூர்மையான பென்சில் நுனியால் ஒருமுறை தொட்டாலே போதும். இந்த 3.84 செ.மீ.யை மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து வையுங்கள். மற்ற தூரங்களில் அவ்வளவு கறார் தேவையில்லை. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்பதால் உண்மையிலேயே அது 20.7 மீட்டருக்கும் 24.9 மீட்டருக்கும் இடையே போய்வருகிறது. ஆகவே குச்சி அரை மீட்டர் தள்ளி நின்றால் எந்தக் குற்றமும் இல்லை.

முதல் நான்கு கோள்களுக்கும் அளவுநாடாதான். கைப்பேசியின் இடங்காட்டி சில மீட்டர் தவறும், அந்தத் தவறிலேயே வெள்ளி புதனுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். வியாழனுக்கு அப்பால் காலடிக் கணக்குப் போதும். 50 மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து, வழக்கமான நடையில் எத்தனை அடி ஆகிறது என்று எண்ணி, அந்த விகிதத்தில் போங்கள்.

நடத்தும் விதம்

சூரியனிடம் நிறையப் பேச வேண்டாம். சூரிய மண்டலத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் இந்தப் பந்தில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.

பூமி அட்டையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சரிபார்ப்பு. கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலைச் சூரியப் பந்துக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும், பந்து அதில் பாதிதான் இருக்கும். வானத்தில் உண்மைச் சூரியனும் இதே அரைப் பாகைதான். (உண்மைச் சூரியனை நேராகப் பார்த்து ஒப்பிட யாரையும் அனுமதிக்காதீர்கள். கண் போய்விடும்.) விகிதம் சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம், எண்களை நம்பாதவர்கள்கூட இந்த இடத்தில் நம்பிவிடுவார்கள்.

அடுத்து நிலவைக் காட்டுங்கள். மனிதர்கள் இதுவரை பயணம் செய்த அதிகபட்சத் தூரம் இந்த மாதிரியில் நான்கு சென்டிமீட்டரைச் சுற்றித்தான். அதைச் சொல்லிவிட்டுச் செவ்வாய்க் கொடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட அது ஐந்தரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

ஒளியின் வேகத்தையும் இங்கேயே செய்து காட்டலாம். இந்த அளவுகோலில் ஒளி நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் நகரும். சூரியனிலிருந்து பூமிவரை ஒரு கயிற்றைக் கட்டி 30 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். ஒருவர் பத்து நொடிக்கு ஒரு குறி என்று விரலை நகர்த்திக்கொண்டே வரட்டும். பூமியை அடைய எட்டு நிமிடம் பத்தொன்பது நொடி ஆகும். பொறுமையான ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். முதல் நிமிடத்திலேயே சலித்து வேகத்தைக் கூட்டிவிடுவது வழக்கம், பக்கத்தில் நொடி எண்ண இன்னொருவர் இருக்கட்டும். இதே கணக்கில் நெப்டியூனுக்குப் போக ஒளிக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சாதாரணமாக நடக்கும் குழு இந்த மாதிரியில் ஒளியைவிட நாற்பது மடங்கு வேகத்தில் போகிறது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, 31 முதல் 49 மீட்டர் வரை, சிறுகோள் பட்டை. நெருக்கமாகப் பாறைகள் மிதக்கும் ஓவியங்களைப் பார்த்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். அத்தனை சிறுகோள்களையும் கூட்டினாலும் நிலவின் நிறையில் நூற்றில் மூன்று பங்கு அளவில்தான் வரும். ஒரு புள்ளிகூட வைக்க வேண்டாம்.

வியாழனுக்குப் பிறகு பேச்சைக் குறையுங்கள். தூரமே பேசும். யுரேனஸ் போகும் வழியில் பாதிப்பேர் அலுத்துக்கொள்வார்கள், அந்த அலுப்பும் பாடத்தின் பகுதிதான். அதை நிரப்ப நகைச்சுவை சொல்லிக்கொண்டு நடக்கும் வழிகாட்டி தன் காலிலேயே வெட்டிக்கொள்கிறார்.

நெப்டியூனைத் தாண்டி 600 மீட்டர் வரை போக முடிந்தால் போங்கள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் திரும்பிப் பார்த்துப் பூமியைப் படமெடுத்தது ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து. இந்த மாதிரியில் அது இங்கே. அந்தப் படத்தில் பூமி ஒரு படப்புள்ளியைக்கூட நிரப்பவில்லை. 1977 செப்டம்பரில் கிளம்பிய அந்தக் கலம் இப்போது இரண்டரை கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, நாளொன்றுக்கு 15 செ.மீ. நகர்கிறது. சூரியனுக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே என்று யாராவது கேட்பார்கள். 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், இரண்டு சென்டிமீட்டர் உருண்டையாக. வாயேஜர் அந்தத் திசையில் போகவில்லை. போனாலும் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும்.

திரும்பி வரும்போது அட்டைகளைச் சேகரித்துக்கொண்டே வாருங்கள். எட்டுக் கோள்களும் ஓர் உள்ளங்கையில் அடங்கும். அவை பரவி நின்றதோ 900 மீட்டர் அகல வட்டத்தில்.

பால்வீதிக்கு வேறு கோல்

விண்மீன்களுக்குப் போக, புதிதாக ஓர் அளவுகோலுக்கு மாற வேண்டும்: ஓர் ஒளியாண்டுக்கு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) ஒரு மில்லிமீட்டர். மாறுகிறோம் என்பதை உரக்க அறிவியுங்கள். இரண்டு அளவுகோல்களும் தலைக்குள் கலந்துவிட்டால் அதன்பிறகு சொல்லும் எந்த எண்ணும் ஒட்டாது.

இந்தக் கோலில் நம் விண்மீன் கூட்டமான பால்வீதி ஏறத்தாழ 100 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் தடிப்பும் உள்ள தட்டு. நடுவில் ஒரு கம்பம், அதிலிருந்து 26 மீட்டரில் ஒரு குண்டூசி. அந்தக் குண்டூசி நிற்கும் இடத்தில்தான் சூரியன். இத்தனை நேரம் நடந்த சூரிய மண்டலம் முழுவதும், நெப்டியூனின் பாதை வரை, இப்போது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டூசித் தலையே அதற்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிது. பிராக்சிமா 4.2 மி.மீ. தள்ளி.

குண்டூசியை மையமாக வைத்து இரண்டு வட்டங்கள் போடுங்கள். முதலாவது பத்து சென்டிமீட்டர் ஆரம்: நாம் சுமார் நூறு ஆண்டுகளாகப் பரப்பும் வானொலி அலைகள் இதுவரை எட்டியிருக்கும் எல்லை. இரண்டாவது ஒரு மீட்டர் ஆரம்: இருண்ட இரவில் வெறுங்கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடிகிற விண்மீன்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். 100 மீட்டர் தட்டில் இரவு வானம் நமக்குக் காட்டுவது இவ்வளவே. இன்னொரு விண்மீன் கூட்டமான ஆண்ட்ரோமீடா பேரடை இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால்.

"அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டு, அப்படியானால் நாம் காணக்கூடிய எல்லையும் 1380 கோடி ஒளியாண்டுதானே?" என்று ஒருவர் கேட்பார், படித்தவர்களும் கேட்பார்கள். இல்லை. ஒளி கிளம்பி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் இடைவெளியும் விரிந்துகொண்டே போனதால், அந்த ஒளியை அனுப்பிய பகுதி இப்போது ஏறத்தாழ 4650 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நம் கோலில் 46,500 கிலோமீட்டர். அது காணக்கூடிய அண்டத்தின் எல்லை மட்டுமே, அதோடு அண்டம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

காலக் கயிறு

இது அண்டத்தின் வயதுக்கான கயிறு: மீட்டருக்கு 100 கோடி ஆண்டு. ஒரு சென்டிமீட்டர் ஒரு கோடி, ஒரு மில்லிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு. மொத்தக் கயிறு 13.8 மீட்டர். நைலான் கயிறு இழுத்தால் நீளும், பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். பழைய கண்ணாடியிழை அளவுநாடா சரியாக இருக்கும். குறிகளை முடிச்சாகப் போடாதீர்கள்: ஒவ்வொரு முடிச்சும் இரண்டு மூன்று சென்டிமீட்டரை விழுங்கும், அதாவது இரண்டு மூன்று கோடி ஆண்டுகளை. துணிக் கிளிப் போதும்.

இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி அளந்து கிளிப் மாட்டுங்கள். 4.54 மீட்டரில் பூமி உருவாகிறது. 3.5 மீட்டர் அருகே உயிர்களின் மிகப் பழைய தடயங்கள். 2.4 மீட்டர் அருகே வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. 54 செ.மீ.யில் கேம்பிரியன் காலம், விலங்கினங்களின் பெருக்கம். 23 செ.மீ. அருகே முதல் டைனசார்கள், 6.6 செ.மீ.யில் பறவைகள் நீங்கலாக அவற்றின் முடிவு. பூமியில் உயிர் இருந்த காலத்தில் பெரும்பகுதி நுண்ணுயிர்களுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது என்பதை இந்தக் கயிறு சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. மூன்றரை மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்கு, ஆக்சிஜன் கிளிப் ஒன்றைத் தவிர, கிளிப் மாட்டவே வேலை இருக்காது.

இன்றைய முனையில் கிளிப் பயன்படாது, கிளிப்பின் அகலமே ஒரு கோடி ஆண்டு. தாள்களுக்கு மாறுங்கள். சாதாரண அச்சுத் தாளின் தடிப்பு 0.1 மி.மீ., அதாவது ஒரு லட்சம் ஆண்டு. மூன்று தாள்களை அடுக்கிக் கயிற்றின் முனையில் ஒட்டினால் அது நம் மனித இனத்தின் மொத்த வயது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டு என்று கொண்டால் கடைசித் தாளின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு. எண்பது ஆண்டு வாழ்க்கை அதே தாளில் ஆயிரத்து இருநூற்றைம்பதில் ஒரு பங்கு.

ஐந்து மீட்டர் கயிற்றைக் கூடுதலாக, வேறு நிறத்தில், எதிர்காலப் பக்கம் இணைத்து வைக்கவும். சூரியன் செம்பெரும் விண்மீனாக வீங்கும் காலம் ஏறத்தாழ அதன் முனையில். பெரும்பாலான கண்காட்சிகள் கயிற்றை "இன்று" என்பதோடு வெட்டிவிடுகின்றன. அதனால் மொத்த வரலாறும் நம்மைக் கொண்டுவருவதற்காகவே நடந்ததுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மூன்று தாள்களும் கயிற்றின் நடுவில் எங்கேயோ இருப்பதைக் கண்ணால் பார்த்தால் அந்தத் தோற்றம் போய்விடும்.

பாதைக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. நம் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன். அதன் அணுக்கருக்கள் அண்டத்தின் முதல் சில நிமிடங்களுக்குள் உருவானவை. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கயிற்றின் தொடக்க முனையில் நிற்கச் சொல்லி, "உங்களில் ஆறு கிலோ இங்கிருந்து வந்தது" என்று காட்டலாம். மீதியில் பெரும்பகுதியான கார்பன், ஆக்சிஜன் எல்லாம் விண்மீன்களுக்குள் உருவானவை.

அளவுகோலை நம் வசதிக்கு வளைக்காமல் இருத்தல்

அளந்து முடித்ததும் ஆறுதல் தேடும் வேகம் வரும். "அணுவுக்கும் அண்டத்துக்கும் நட்டநடுவில் மனிதன்" என்று சொல்வது அதில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடு எது என்பது எந்த இரண்டு முனைகளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பத்தின் அடுக்குகளில் கணக்கிட்டால், அணுக்கருவிலுள்ள துகளான புரோட்டானிலிருந்து காணக்கூடிய அண்டம் வரைக்குமான நடு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இயற்பியல் சொல்லும் மிகச் சிறிய நீளமான பிளாங்க் நீளத்திலிருந்து தொடங்கினால் நடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நாம் இரண்டிலும் நடுவில் இல்லை. வேண்டிய முனைகளைப் பொறுக்கினால் யாரை வேண்டுமானாலும் நடுவில் நிறுத்தலாம்.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். மீட்டரால் அளந்தால் நாம் ஒன்றுமில்லை. ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் உறுப்புகளின் எண்ணிக்கையால் அளந்தால் ஒரு மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள், பால்வீதியில் 10,000 முதல் 40,000 கோடி விண்மீன்கள். கோலை மாற்றினால் இடைவெளி வெகுவாகக் குறையும். இரண்டையும் குழுவுக்குக் காட்டுங்கள், ஒன்றை மட்டும் காட்டினால் அது பிரசாரம். உயிர் என்று வரும்போது "நமக்குத் தெரிந்தவரை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சூரிய மண்டலத்துக்கு வெளியே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றன, ஒன்றிலும் உயிர் உறுதிப்படவில்லை. அதை வைத்து நாம் தனி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

தாளும் பேனாவும்

இனித்தான் மூன்றாவது கேள்வி. அனைவரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடிட்டு நான்கு பத்திகள் போடட்டும். முதல் பத்தியில் இப்போது மனத்தை அழுத்தும் ஐந்து விஷயங்கள். இரண்டாவதில் அதன் விளைவு எத்தனை பேரைத் தொடும். மூன்றாவதில் அது எத்தனை நாள், எத்தனை ஆண்டு நீடிக்கும். நான்காவதில் அது யாருக்கு முக்கியம், பெயர் சொல்லி. "உலகத்துக்கு", "எல்லாருக்கும்", "சமுதாயத்துக்கு" போன்றவற்றை நான்காவது பத்தியில் எழுதக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்தால் மொத்தப் பயிற்சியும் பொத்தென்று விழுந்துவிடும். அப்பா, தங்கை, எதிரே அமரும் சக ஊழியர் என்று ஆளைச் சுட்ட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள்.

முதலாவது: அண்டம் சூரிய மண்டலத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியின் முக்கியத்துவம் கூடுமா? கூடாது என்றால், அதைக் குறைத்ததும் அண்டத்தின் பரப்பு அல்ல. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாவது: நீங்கள் பால்வீதி அளவு பெரியவர், ஆயிரம் கோடி ஆண்டு வாழ்பவர். அப்போது இந்த வரிக்குப் புதிதாக ஓர் அர்த்தம் வந்து சேருமா? அர்த்தமில்லாத வேலையை ஆயிரம் கோடி ஆண்டு செய்தாலும் அது அர்த்தமில்லாத வேலைதான்.

மூன்றாவது: "பத்து லட்சம் ஆண்டு கழித்து இது ஒரு பொருட்டாக இருக்காது." சரி. அப்படியானால் பத்து லட்சம் ஆண்டு கழித்து எது பொருட்டு, எது பொருட்டில்லை என்பதும் இன்று நமக்கு ஒரு பொருட்டாக இருக்க வேண்டியதில்லையே? இந்த மூன்றும் அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1971-இல் முன்வைத்த வாதத்தை ஒட்டியவை. படிக்கும்போது சொல்விளையாட்டாகத் தோன்றும், சொந்த வரிகளின்மேல் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். நான்காவது பத்தியில் உண்மையான பெயர் இருக்கும் வரிகள் அசையாமல் நிற்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்வது, பிள்ளையின் படிப்பு, கொடுத்த வாக்கு, இவற்றின் எடை முதலிலேயே அண்டத்திலிருந்து வந்ததில்லை, ஆகவே அண்டம் அதைப் பறிக்கவும் முடியாது. நான்காவது பத்தியில் எழுத ஆளே கிடைக்காத வரிகள் உண்டு: "நாலு பேர் என்ன நினைப்பார்கள்", "என்னைவிட அவன் முந்திவிட்டான்", "என் பெயர் நிலைக்குமா". இவை தளர்ந்துவிடும். கற்பனையில் நாமே கூட்டிவைத்த பெருங்கூட்டம் ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இவற்றின் எடை இருந்தது. 1.3 மில்லிமீட்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தக் கூட்டத்தை மறுபடி கூட்டுவது கடினம்.

எங்கே பிசகும்

நடை முடிந்த கையோடு வழிகாட்டி உரை நிகழ்த்துவது முதல் தவறு. "நாம் ஒன்றுமில்லை" என்றாலும் "நாம் விண்மீன் துகள்கள்" என்றாலும், கேட்பவர் தன் தாளை எடுப்பதற்கு முன்பே விடையைக் கையில் திணித்தாயிற்று. எண்களைச் சொல்லுங்கள், கேள்விகளைக் கேளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

இதை மற்றவர்மேல் பிரயோகிப்பது இரண்டாவது, இதைவிட மோசமானது. துக்கத்தில் இருப்பவரிடம் "அண்டத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா" என்று கேட்பதற்காக இந்த அளவுகோல் இல்லை. அவரவர் தாள் அவரவருக்கு. உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள்.

சிலருக்கு நெப்டியூன் அருகே திகில் பிடிக்கும், குறிப்பாகப் பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு. அவர்களுக்குச் செவ்வாய் வரை போதும், கயிற்றில் எதிர்காலப் பகுதியையும் தவிர்த்துவிடலாம். பெரியவர் ஒருவர் கலங்கினால் வாதம் செய்யாமல் பூமி அட்டைக்குத் திரும்ப அழைத்துவந்து, தாளின் நான்காவது பத்தியை எழுதச் சொல்லுங்கள். "எதற்கும் பொருளில்லை" என்ற உணர்வு வாரக்கணக்கில் தொடர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அதற்கு வானியலில் மருந்தில்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கும் சிறிய அறைக்கும் கயிறும் தாளும் போதும். கயிற்றைச் சுவரோரமாக வளைத்துப் போட்டாலும் காலக்கணக்கு கெடாது, பாதைக்கு உள்ள நேர்க்கோட்டுக் கட்டாயம் இதற்கில்லை. பார்வையில்லாதவர்களுக்குக் கிளிப்புகள் தொட்டறிய வசதியானவை. தாள் அடுக்கை விரலால் நெருடிப் பார்க்கட்டும், மூன்று தாளுக்கும் ஒரு தாளுக்கும் உள்ள வேறுபாடு விரலுக்கு நன்றாகத் தெரியும். கோள்களுக்கு அச்சிட்ட புள்ளியை விட்டுவிட்டு, தடித்த அட்டையில் பசைத் துளி வைத்துக் காயவிடலாம். பூமியும் வெள்ளியும் இப்படி வந்துவிடும், புதனும் செவ்வாயும் வராது.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பதானால் கயிற்றைக் கைமுழத்தில் சுற்றாமல் தட்டையான அட்டையில் சுற்றுங்கள், முறுக்கேறாது. அடுத்த முறை எடுக்கும்போது முதல் வேலையாக 13.8 மீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.